கறுப்புக் கட்டை ஜோக்

என்னிடம் இரண்டு கிளாரினெட்டுகள் இருக்கின்றன. இரண்டும் கறுப்பு. இரண்டிலும் அதே இடத்தில் அதே வெள்ளிநிறப் பொத்தான்கள். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒன்று மற்றதைவிடக் கட்டைவிரல் அளவு உயரம், அவ்வளவுதான் வித்தியாசம். நெட்டை, குட்டை என்று பேர் வைத்திருந்தேன். ஒரே மாதிரி விரல் வைத்து ஊதினாலும் நெட்டை சுருதியில் அரைக்கட்டை கீழே ஒலிக்கும். எந்த உருப்படிக்கு எதை எடுக்க வேண்டும் என்று இசைக்குறிப்புத் தாளின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். படிக்கத் தெரிந்த எவனும் மாற்றி எடுக்க மாட்டான்.

நான் எடுத்தேன். எடுத்ததுகூடப் பரவாயில்லை. அதற்கப்புறம் வாயைத் திறந்து ஒரு ஜோக் சொன்னேன். அந்த ஜோக்கில் ஒருவருக்கு வரவேண்டிய வேலை வராமல் போனது.

அந்த ஒருவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கூடப் பிறந்தவர் அல்ல. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் பழைய வீடு, முன்னறையை அடைத்துக்கொண்டு நிற்கும் பியானோ, அருகிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை வேலை. நான் லிங்கராஜபுரம். சர்ச் பேண்டு செட்டில் ஊதிக்கொண்டிருந்தவன். நாங்கள் சந்தித்ததே ஒரு சாவில்தான். கல்லறைக்குப் போகும் ஊர்வலத்தில் நான் ஊதிக்கொண்டே நடக்கிறேன், பின்னால் ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டு வருகிறார். அடக்கம் முடிந்ததும் நேராக வந்து, “சாவுக்கு வாசிக்கும்போதும் சுருதி விடாம வாசிக்கிறியே மேன், கல்யாணத்துக்கு வாசிச்சா எப்படி இருப்பே?” என்று கேட்டார். “கல்யாணத்துல பயமா இருக்கும்க்கா. இங்க படுத்திருக்கறவர் குறை சொல்ல மாட்டார்” என்றேன். சிரித்தார். சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார்.

பதினேழு வருடம் சனிக்கிழமைதோறும் போனேன். கல்யாண வரவேற்புகளில் வாசித்தோம். ஞானஸ்நான விருந்துகளில் வாசித்தோம். ஒரு ஓட்டல் முன்கூடத்தில் இரண்டு வருடம் வாசித்தோம். அங்கே ஒருவர், “கொஞ்சம் சத்தத்தைக் குறைக்க முடியுமா, போன் பேசணும்” என்று கேட்டதுதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே விமர்சனம். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, சின்ன மண்டபம் ஒன்றில், நாற்பது நாற்காலி போட்டு, எங்களுக்குப் பிடித்ததை வாசித்தோம். அந்த இரண்டு மூன்று தடவைகளுக்காகத்தான் மற்றதெல்லாம்.

இரண்டு பேர் ஒன்றாகத் தொடங்க வேண்டுமானால் யாராவது சைகை காட்டியாக வேண்டும். சிலர் தலையை ஆட்டுவார்கள், சிலர் புருவத்தைத் தூக்குவார்கள். எங்களுக்கு என் மூச்சு. நான் வாயோரமாகக் காற்றை இழுக்கும் சத்தம் கேட்டால் போதும், அக்கா என் பக்கம் திரும்பாமலே சரியான இடத்தில் கை வைத்துவிடுவார். இழுத்த இழுப்பிலேயே நான் நிதானமாகப் போகப்போகிறேனா, பயந்து ஓடப்போகிறேனா என்று அவருக்குத் தெரிந்துவிடும். என் மனைவி பல தடவை கேட்டிருக்கிறாள், “நான் கத்தினாலும் உங்களுக்குப் புரியறதில்ல. நீங்க மூச்சு விட்டா அவங்களுக்குப் புரியுதா?” என்று. நியாயமான கேள்வி.

என் பயத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மேடை ஏறுவதற்கு முன் நான் ஐந்து தடவை பாத்ரூம் போவேன். சட்டைப் பொத்தானை எண்ணுவேன். ரீடை, அதாவது வாயில் வைக்கும் அந்த நாணல் சில்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அதில் விரிசல் கண்டுபிடிப்பேன். மேடை ஏறியதும் பயம் வாய்வழியாக ஜோக்காக வெளியே வரும். ஜனங்கள் சிரிப்பார்கள். எவ்வளவு தைரியமான ஆள் என்று நினைப்பார்கள். உண்மையில் அது வாந்தி. நல்ல பேச்சாக வெளியே வருவதால் யாரும் மூக்கைப் பிடிப்பதில்லை.

அன்றைய கச்சேரி டிசம்பர் மாதத்தில் ஒரு சாயங்காலம். ரிச்சர்ட்ஸ் டவுனிலேயே சர்ச்சுக்குச் சொந்தமான மண்டபம். பக்கத்து அறையில் நான் நாலாவது தடவை பாத்ரூமிலிருந்து வந்தபோது அக்கா வழிமறித்தார்.

“அந்தம்மா வர்றாங்க மேன் இன்னைக்கு. ஞாபகம் இருக்கில்ல?”

“இருக்குக்கா.”

அந்தம்மா என்றால், வைட்ஃபீல்டில் புதிதாக ஆரம்பித்திருந்த இசைப்பள்ளி ஒன்றின் பொறுப்பாளர். சென்னைக்காரர். வயலின், செல்லோ, புல்லாங்குழல் என்று படிக்க வருபவர்களோடு கூட வாசிக்க, நிரந்தரமாக ஒரு பியானோக்காரரைத் தேடிக்கொண்டிருந்தார். அக்காவின் பேர் அவர் காதுக்குப் போயிருந்தது. கேட்டுப் பார்த்து முடிவு செய்யத்தான் வருகிறார்.

“இருபத்திரெண்டு வருஷமா ஸ்கூல் அசெம்பிளில அதே நாலு பாட்டு” என்றார் அக்கா. “இது கிடைச்சா தினமும் நெஜமான ஆளுங்களோட வாசிக்கலாம். அதனால உன்ன கையெடுத்துக் கும்பிடறேன், இன்னைக்கு ஜோக் வேணாம். சும்மனே வா, வாசி, தலை குனி, போ.”

“ஒரே ஒண்ணுக்கா. சின்னதா.”

“ஒண்ணுமே வேணாம்.”

அக்காவின் கணவர் மூலையில் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். தாள் புரட்டுவது அவர் பொறுப்பு. அண்ணனுக்கு இசைக்குறிப்பில் ஒரு புள்ளிகூடப் படிக்கத் தெரியாது. அக்கா தலையாட்டினால் புரட்டுவார். ஒருமுறை அக்கா தும்மியதற்கும் புரட்டியிருக்கிறார். “கேளு குரு அவ சொல்றத” என்றார். ஊர் வழக்கப்படி அவருக்கு எல்லாரும் குருதான். “ரெண்டு நாளா ஒழுங்கா சாப்பிடல.”

நான் அதைக் கேட்டேன். அந்த இடத்தில் நல்ல மனிதன் என்ன செய்வான்? அமைதியாக உட்காருவான். நான் ஐந்தாவது தடவை பாத்ரூமுக்குப் போனேன்.

போவதற்கு முன் குட்டையின் உச்சியிலிருந்து ஊதும் முனையான மவுத்பீஸைக் கழற்றித் துடைத்தேன். கிளாரினெட்காரர்கள் பெரும்பாலும் இரண்டு வாத்தியத்துக்கும் ஒரே மவுத்பீஸைத்தான் வைத்திருப்போம். இதிலிருந்து கழற்றி அதில் மாட்டுவோம். முதல் உருப்படிக்குக் குட்டை, இடைவேளைக்குப் பின் நெட்டை. குட்டையில் சுருதியெல்லாம் சேர்த்தாகிவிட்டது. திரும்பி வந்தேன். மேஜைமேல் கறுப்பாக இரண்டு குழல். ஒன்றில் மாட்டினேன். இன்னொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் மேடையில் ஸ்டாண்டில் நிறுத்தினேன்.

அந்த உருப்படியின் முதல் பகுதியில் கிளாரினெட் தனியாக இரண்டு வரி சொல்லிவிட்டு நிற்கும். அப்புறம்தான் பியானோ உள்ளே வரும். நான் மூச்சை இழுத்து அந்த இரண்டு வரியைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். இரண்டாவது வரியின் முடிவில் ஆழமான ஒரு சுரம். அதற்குக் கை நீட்டியபோது குழல் இன்னும் கொஞ்சம் தள்ளி முடிகிறமாதிரி இருந்தது. கண்ணை ஸ்டாண்டு பக்கம் திருப்பினேன். அங்கே குட்டை நின்றுகொண்டு என்னையே பார்த்தது.

அந்த ஒரு நொடியில் என்னென்ன யோசித்தேன் என்று எழுதினால் எனக்கே வெட்கம். மயங்கி விழலாமா என்று யோசித்தேன். எந்தப் பக்கம் விழுந்தால் வாத்தியத்துக்கு அடிபடாது என்றுகூட யோசித்தேன். நெருப்பு என்று கத்தலாமா என்று யோசித்தேன். இப்போது அக்கா எழுதியிருக்கிற இடத்தில் கை வைப்பார், நான் அரைக்கட்டை கீழே ஊதிக்கொண்டிருப்பேன், நாற்பது நாற்காலியும் ஒரேயடியாகப் பின்னால் நகரும்.

அக்கா கை வைத்தார். அரைக்கட்டை கீழே வைத்தார்.

என்னுடைய அந்த இரண்டு வரி அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. தாளில் ஒன்று எழுதியிருக்க, விரல்கள் வேறொன்றில் நடந்தன. ஒன்பது நிமிடம். ஒவ்வொரு சுரத்தையும் கண்ணால் வாங்கி, மனதில் ஒரு படி இறக்கி, கையில் கொடுத்துக்கொண்டே போனார். நடுவில் பியானோ தனியாக ஓடும் ஒரு பகுதி உண்டு. ஒழுங்கான சுருதியிலேயே அதற்கு மாதக்கணக்கில் பயிற்சி செய்திருந்தார். அதையும் இறக்கியே வாசித்தார். இரண்டு மூன்று இடத்தில் விரல் இடறியது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் அண்ணனுக்குத் தலையாட்டினார், அண்ணன் கம்பீரமாகப் புரட்டினார். டிசம்பர் குளிரில் அக்காவின் காதோரம் வேர்வை வழிந்தது.

முதல் பகுதி முடிந்ததும் ரீடைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்து மவுத்பீஸைக் குட்டைக்கு மாற்றினேன். மிச்சத்தை ஒழுங்காக வாசித்தோம். நல்ல கைதட்டல். ஜோக் சொல்லவில்லை. சொல்ல வாயில் எச்சில் இல்லை.

முடிந்ததும் மண்டபத்தின் பின்பக்கம் காப்பியும் வெஜிடபிள் பஃப்பும். பொறுப்பாளர் அம்மா நேராக எங்களிடம் வந்தார். அக்காவைப் பார்த்து, “ரொம்ப நல்லா இருந்துது. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். முதல் பகுதி மட்டும் அரைக்கட்டை இறங்கி இருந்துதே, அது ஏன்?” என்றார்.

காதிலேயே சுருதிப்பெட்டியோடு பிறந்தவர் போலிருக்கிறது. சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். அக்கா என் பக்கம் லேசாகக் காதைத் திருப்பினார், மேடையில் என் மூச்சுக்குக் காத்திருப்பாரே, அதேமாதிரி.

மூச்சை இழுத்தேன். பஃப் வாசனை வந்தது. சொன்னேன்: “அது ஒண்ணும் இல்லீங்க. எங்க மேடத்துக்குப் பியானோல கறுப்புக் கட்டைன்னா அலர்ஜி. எழுதினபடி வாசிச்சா மூணு கறுப்பு வருது, இறக்கினா ரெண்டுதான். ஒண்ணு மிச்சம்!”

எல்லாரும் சிரித்தார்கள். பொறுப்பாளர் அம்மாவும் சிரித்தார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அண்ணன், அவருக்கு ஒன்றும் புரியாமலே. அக்காவும் புன்னகை செய்தார். கையிலிருந்த பஃப்பைக் கடிக்காமல் தட்டில் வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, பியானோ மூடியைத் திறந்துகொண்டே, “வேற ஆள எடுத்துட்டாங்களாம்” என்றார்.

“ஏன்க்கா?”

“எழுதியிருக்கறத எழுதினபடி வாசிக்கிற ஆள்தான் வேணுமாம்.”

“ச்சே, மோசம்” என்றேன். இதைத்தான் சொன்னேன்.

ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். அந்தப் பள்ளி என் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம். அலுவலகத்தில் நான் மென்பொருளில் தவறு கண்டுபிடிக்கும் வேலை செய்கிறேன். எந்த இடத்தில் தவறு, எப்படி நடந்தது, யார் சரிசெய்ய வேண்டும் என்று நாள் முழுக்க எழுதிக் குவிப்பவன். இந்தத் தவறையும் எழுதினேன், மூன்று தடவை. மூன்றும் அனுப்பாமல் என் கணினியிலேயே தூங்கின. அனுப்பினால் ‘மேடையில் வாத்தியத்தை மாற்றி எடுத்தவன்’ என்ற பேர் ஊரெல்லாம் பரவும் என்று பயம். எந்த ஊர், எனக்கு என்ன பேர் இருந்தது என்றெல்லாம் அந்தப் பயத்திடம் கேட்கத் தோன்றவில்லை.

அதற்கடுத்த வாரமோ என்னவோ, ஒரு கல்யாணத்தில் கவனித்தேன். நான் மூச்சை இழுத்தேன். அக்கா கை வைக்கவில்லை. மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, “ஒன், டூ” என்றார். அப்புறம்தான் தொடங்கினார். அன்றிலிருந்து எப்போதும் “ஒன், டூ”. அதில் தவறே நடக்காது. மிகவும் ஒழுங்காக வாசித்தோம். பிறகு ஒரு சனிக்கிழமை பரீட்சை, ஒரு சனிக்கிழமை விருந்தாளி, ஒரு சனிக்கிழமை எனக்கே ஜலதோஷம். சண்டை ஒன்றும் இல்லை. நிறுத்துவது என்று யாரும் முடிவு செய்யவும் இல்லை.

இப்போது கல்யாணங்களில் நான் போனில் பதிவு செய்த பியானோவைப் போட்டு அதோடு ஊதுகிறேன். அது நான் மூச்சு இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் போய்க்கொண்டே இருக்கும். ஒருமுறை நடுவில் ஒரு விளம்பரம் வந்தது. அதற்கும் நாலு பேர் கைதட்டினார்கள்.

ஆறு வருடம் ஓடிவிட்டது. போன மாதம் மெட்ரோவிலிருந்து இறங்கி அலுவலகத்துக்கு நடக்கும்போது அந்தப் பள்ளியின் வாசலில் அறிவிப்பு பார்த்தேன். கூட வாசிக்க பியானோக்காரர் தேவை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். கேட்டுக்குள் நுழைவதற்கு முன் இரண்டு தடவை தெருமுனைவரை போய்த் திரும்பினேன். காவலாளி, “யாரு பேக்கு சார்?” என்று கன்னடத்தில் கேட்டார், யார் வேண்டும் என்று. என்னையே தேடுகிறேன் என்று ஒரு ஜோக் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

பொறுப்பாளர் அம்மாவுக்கு என்னை உடனே அடையாளம் தெரிந்தது.

“நீங்க அந்தக் கறுப்புக் கட்டை ஜோக் சொன்னவர்தானே? அத நான் எத்தன பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா? எங்க பசங்களுக்கெல்லாம் தெரியும்.”

உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு வருடம் சொல்லாமல் வைத்திருந்த விஷயத்தைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். “முதல் பகுதி முழுக்கவா?”

“ஆமாங்க.”

“அந்தத் தனி ஓட்டம்கூடவா?”

“அதுவும்தாங்க.”

“அப்படி ஒருத்தரத்தாங்க நான் தேடிட்டிருந்தேன். அன்னைக்கே கேட்டேனே.”

“ஆமாங்க, கேட்டீங்க.”

“உங்களக் கேக்கலீங்க. அவங்களக் கேட்டேன். நீங்க முந்திக்கிட்டீங்க.”

அக்காவின் எண்ணை வாங்கிக்கொண்டார். அன்றைக்கே கூப்பிடுவதாகச் சொன்னார். வெளியே வந்தபோது ரொம்ப நல்ல காரியம் செய்துவிட்ட ஒரு கனம் நெஞ்சில். சனிக்கிழமை இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போனேன். வாழ்த்துச் சொல்ல.

அண்ணன்தான் கதவைத் திறந்தார். “அட குரு! உயிரோடதான் இருக்கியா? வா, வா. யாரு வந்திருக்கான்னு பாரு!”

அக்கா சாப்பாட்டு மேஜையில் சார்ட் பேப்பர் விரித்து, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டு வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். நிமிராமலே, “அந்தம்மா போன் பண்ணாங்க” என்றார்.

“என்ன சொன்னீங்கக்கா?”

“முடியாதுன்னு சொன்னேன்.”

ஸ்கெட்ச் பேனாவை மூடிவிட்டுத்தான் மீதியைச் சொன்னார். “நீ போய்ச் சொன்னது நல்லதுதான். கோவம்லாம் இல்ல. ஆனா அன்னைக்கு என் கைக்கு நாப்பத்தெட்டு வயசு. அதுக்கப்புறமும் ஆறு வருஷம் அசெம்பிளில அதே நாலு பாட்டையே வாசிச்ச கை இது. போன் வந்தப்புறம் அந்த முதல் பகுதிய எடுத்து வெச்சு உக்காந்தேன் மேன். எறக்கியெல்லாம் இல்ல, எழுதியிருக்கற சுருதிலேயே. ரெண்டு பக்கம் தாண்டல. அப்படியே மூடிட்டேன்.”

“பழகினா வந்துரும்க்கா.”

“யாருக்கு? எனக்கா, உனக்கா?”

ஆறு வருடமாகக் கேட்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். “அன்னைக்கே நீங்க உண்மைய சொல்லியிருக்கலாமேக்கா. நான் என்ன பண்ணியிருப்பேன்?”

“நீ எந்தச் சுருதில ஆரம்பிச்சாலும் பின்னாடி வர்றதுதானே என் வேல” என்றார். “ஜோக்கையும் நீதான் ஆரம்பிச்ச.”

அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன சுருதி? என்ன உண்மை?” அவருக்கு விஷயமே தெரியாது. ஆறு வருடமாக அக்கா வீட்டில்கூடச் சொல்லவில்லை. நான் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: “அப்ப நான் புரட்டின பேப்பர்ல இருந்தது எதையும் நீ வாசிக்கலியா?”

“ஒண்ணக்கூட எழுதினபடி வாசிக்கல” என்றார் அக்கா.

“அப்புறம் எதுக்குடி ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையாட்டினே?”

“பாத்துத்தானே எறக்கணும். பேப்பர் இல்லன்னா எங்க போவேன்?” பிறகு, கொஞ்சம் விட்டு, “நீங்களும் கோட்டெல்லாம் போட்டுட்டு வந்திருந்தீங்க” என்றார்.

அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து போய் எனக்குக் காப்பி கொண்டுவந்தார். அதை என் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்தார்.

காப்பி ஆறியது. புறப்படலாமென்று பெட்டிகளை எடுத்தபோது அக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். “ரெண்டையும் தூக்கிட்டு வந்திருக்கே. தெற.”

“எதக்கா?”

“குட்டைய. பாத்து எடு.”

பியானோவில் உட்கார்ந்து அதே உருப்படியின் இரண்டாம் பகுதியை எடுத்து வைத்தார். மெதுவான பகுதி. அதில் இரண்டு வாத்தியமும் ஒன்றாகத் தொடங்க வேண்டும். மவுத்பீஸை மாட்டும்போது இரண்டு தடவை உயரத்தைச் சரிபார்த்தேன். அண்ணன் தாளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார், கோட் இல்லாமல், பனியனோடு.

நான் மூச்சை இழுத்தேன், தெருவில் போகிறவனுக்கும் கேட்கும்படி. அக்காவின் விரல்கள் கட்டைமேல் அப்படியே இருந்தன. சுவரில் கடிகாரம் ஓடியது. இழுத்த மூச்சை உள்ளேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

“ஒன்” என்றார் அக்கா. “டூ.”